ஏழாம் எண் கசிகிறதா?

நவம்பர் 5
நாலு மணிக்கே இருட்டு. காபி வேளையில் பேராசிரியர் டோர்கெல் என் தோளைத் தட்டினார். "ஏழாம் நம்பர் கசியுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். கட்டுரைய ஏத்துக்கிட்டா கேக் உன் செலவு, லொவீசா!"

அவரிடம் ஐந்து வருடமாக ஆராய்ச்சி மாணவி. தொலைதூரத்து இளம் விண்மீன் திரள்களில் பிறக்கும் கடும் புற ஊதா ஒளி, சுற்றியிருக்கும் ஹைட்ரஜன் மூட்டத்தைத் தாண்டி வெளியே வருகிறதா? இதைத்தான் தேடுகிறேன். பார்த்தது இருபத்து மூன்று. ஒளியை வெளியே கசிய விட்டது ஏழாம் எண் மட்டும். என் பட்டமும் அடுத்த வேலையும் அதை நம்பித்தான்.

நவம்பர் 11
கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள்! இங்கே கொண்டாட்டம் என்றால் வெட்டும் பச்சை கேக் சொல்லியாயிற்று, வெள்ளிக்கிழமைக்கு.

நவம்பர் 13
ஏன் பார்த்தேன்? கேக் பக்கத்தில் ஒட்ட ஒரு நல்ல படம் வேண்டுமென்று பழைய நிறமாலையை விரித்தேன். ஓரத்தில் மங்கலாக ஒரு ஜோடிக் கோடு. ஆக்சிஜன். ஐயோ, அது இருக்கக் கூடாத இடம். முன்னால் வேறொரு திரள் நிற்கிறது, நமக்குக் கிட்டத்தில், அச்சாக அதே திசையில். நான் பிடித்த ஒளி அதனுடையது.

ஏழாம் எண் எதையும் வெளியே விடவில்லை.

நவம்பர் 14
சொல்லவில்லை. ஆய்வறையில் பக்கத்து மேசை ஈவார், "என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றான். தூக்கமில்லை என்றேன். வாயைத் திறந்தால் வேலை போச்சு. மூடிக்கொண்டால்? யாருக்கும் தெரியப் போறதில்ல. அதான் கொல்லுது.

நவம்பர் 15, வெள்ளி
காபி அறையில் பதினெட்டுப் பேர். கத்தி என் கையில்.

"வெட்டும்மா, பசியோட நிக்கிறோம்!" என்றார் டோர்கெல்.

"ஏழாம் நம்பர் கசியல. முன்னாடி வேற ஒண்ணு நிக்குது. நான் சரியாப் பார்க்கல."

சொல்லிவிட்டேன். அவர் முகம் வெளுத்தது. "இத இங்கயா சொல்லணும்?" என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். ஈவார் கத்தியை வாங்கினான். "கேக் என்ன பாவம் பண்ணுச்சு?" முதல் துண்டை என் தட்டில்தான் வைத்தான்.

டிசம்பர் 2
கட்டுரையைத் திரும்பப் பெற்றாயிற்று. வேலை இல்லை என்று கடிதமும் வந்தாயிற்று. டோர்கெல் இன்னும் பேசவில்லை.

ஜனவரி 20
மதியம் டோர்கெல் வந்தார். கையில் அவருடைய பழைய கட்டுரை, அவருக்குப் பேர் வாங்கித் தந்தது.

"இதுல மூணு கசிவு சொல்லியிருக்கேன்" என்றார். "ஜோடிக் கோடு இருக்கான்னு பார்க்கணும். தனியாப் பார்க்க பயமா இருக்கு, லொவீசா."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். முதல் படத்தை அவரே திறந்தார்.