பதினோராவது பூட்டுக்கு ஒரே ஒரு நட்சத்திரம்

மார்ச் 3, செவ்வாய்

சலவைக்கூடத்தில் இன்றும் அதே பேச்சு. டிவியில் ‘பதினோராவது பூட்டு’ தொடர் பார்த்தாயா, பார்த்தாயா. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மலையாகக் கிடக்கின்றன. மடிக்க வேண்டியவர்கள் திருடர்களைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறார்கள்.

“அந்தத் தலைவன் கண்ணப் பாத்தியா? அவன் கேட்டா பீரோ சாவிய நானே குடுத்துடுவேன்” என்கிறாள் குள்ளக்கா. அவள் பீரோவில் பழந்துணியைத் தவிர என்ன இருக்கிறதாம்?

வீட்டில் என் வீட்டுக்காரரும் பார்க்கிறார். பஸ் பணிமனையிலிருந்து வந்தால் கையில் கிரீஸ்கூடப் போகாமல் தொலைக்காட்சி முன்னால். இன்று நானும் உட்கார்ந்தேன். நகைக்கடைக் காவலாளி ஒருவன் வந்தான். தொப்பை, குறட்டை, திறந்த வாய். திருடர்கள் அவன் மடியிலிருந்தே சாவியை உருவினார்கள். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் பக்கம் திரும்பியதும் நிறுத்திக்கொண்டார்.

மூன்று வருடத்துக்கு முன் நானும் நகைக்கடைக் காவலாளிதான். திருடர்கள் என்னை நாற்காலியில் கட்டிப்போட்டு, வாயில் துணி அடைத்து, நாற்பது நிமிடம். அதில் சிரிக்க என்ன இருந்தது?

மார்ச் 5, வியாழன்

பார்வையாளர் கருத்துப் பக்கத்தில் எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை, ‘சலவைக்காரி’ என்று மட்டும். ஐந்தில் ஒரு நட்சத்திரம். பூஜ்யம் கொடுக்க வழியில்லை, இருந்தால் கொடுத்திருப்பேன்.

“திருடனுக்கு நல்ல சட்டை, நல்ல பாட்டு, நோயாளித் தங்கச்சி. காவலாளிக்குக் குறட்டை. இதை எழுதினவர் வீட்டுப் பூட்டை யாராவது ஒருநாள் உடைக்கட்டும், அப்புறம் பாட்டுப் போடட்டும்.”

எழுதி முடித்ததும் ஒரு மாதத்து அழுக்குத் துணியை அடித்துத் துவைத்த மாதிரி இருந்தது.

மார்ச் 6, வெள்ளி

நூற்றுப் பன்னிரண்டு பதில். எனக்கு ஆதரவாக ஒன்று. அதுவும் கிண்டலோ என்னவோ.

மார்ச் 8, ஞாயிறு

எல்லாவற்றையும் படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

“பிடிக்கலன்னா டிவிய அணைச்சிட்டுத் துணியத் துவைங்க.” “தலைவர் கால் தூசிக்கு வருவியா?” “பொறாமை பொறாமை பொறாமை.” இதெல்லாம் போகட்டும். ஒருவன் எழுதியிருக்கிறான்: “காவலாளியச் சொன்னா இவ்வளவு கோபம் ஏன்? எங்கப்பன் குதிருக்குள் இல்லைங்கற கதையா இருக்கே. உள்ளாள் இல்லாம எந்தக் கடையும் உடையாது.”

அதற்கு மட்டும் தொள்ளாயிரம் விருப்பம்.

முகம் தெரியாதவன். பல்கூட விளக்கியிருக்க மாட்டான். அவன் சொன்னதை நான் ஏன் நாலு தடவை படிக்க வேண்டும்?

மார்ச் 9, திங்கள்

அந்த உள்ளாள் பேச்சுக்குக் கீழே இன்னும் எழுதிக்கொண்டே போகிறார்கள். இன்று மதியம் இடைவேளையில் இதைப் பார்த்தேன். அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

“என் மனைவியும் நகைக்கடையில் காவல் வேலை பார்த்தவள். கட்டிப்போட்டதாகச் சொன்னாள். கையில் இருந்த தடம் இரண்டு நாளில் மறைந்துவிட்டது. மூன்று வருடமாகக் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று பயம்.”

பெயர் இல்லை. அடையாளப் படத்தில் பஸ் பணிமனையின் பச்சைக் கதவு.

அவர்தான். ஐயோ, அவரேதான்.

நான்தான் சலவைக்காரி என்று அவருக்குத் தெரியாது. ஊரெல்லாம் என்னைத் திட்டுகிற இடத்தில் வந்து உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களிடம்—! என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லையா மனுசனுக்கு?

மார்ச் 10, செவ்வாய்

உப்பில்லாமல் சமைத்தேன். வேண்டுமென்றேதான். முழுக்கச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்.

மார்ச் 15, ஞாயிறு

கேட்டேவிட்டேன். மதியம், துணி காயப்போடும்போது. ஈரச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டே போனை அவர் முன் நீட்டினேன்.

“நீங்கதானே?”

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“அங்க நாலு பேருக்குச் சொல்லத் தெரியுது. எங்கிட்டக் கேக்கத் தெரியல. இப்பக் கேளுங்க.”

“வேணாம் விடு.”

“கேளுங்கன்னு சொல்றேன்!”

கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “கதவ நீதான் தொறந்து விட்டியா?”

இல்லை என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். மூன்று வருடமாக எல்லாரிடமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். வரவில்லை.

“ஆமா” என்றேன்.

சட்டையைக் கொடியில் போடாமலே சொன்னேன். அன்று கடை மூடும் நேரம், முன் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அதற்குமேல் பின்கதவைத் திறக்கக் கூடாது என்பது கடைச் சட்டம். கையில் குழந்தையோடு ஒருத்தி தட்டினாள், குழந்தைக்குத் தண்ணீர் என்றாள். திறந்தேன். அவள் பின்னால் மூன்று பேர். அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. காலணா வாங்கவில்லை. போலீஸ் கேட்டபோது பயந்துபோய், தாழ்ப்பாள் ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது என்று சொல்லிவிட்டேன். தாழ்ப்பாள் போடுவது என்னோடு காவல் வேலை பார்த்த மீசைக்காரரின் பொறுப்பு. என்னை ஒரு நாள் விசாரித்து அனுப்பிவிட்டார்கள். அவரைப் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் அவருக்கு எங்கும் காவல் வேலை கிடைக்கவில்லை.

“அப்போ அந்த ஆளு?” என்றார் இவர்.

நான் கூட்டுக்களவாணி இல்லை என்று தெரிந்ததில் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். ஆனால் இவர் கேட்டது அதைத்தான். அந்த ஆளு?

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி நின்றேன்.

மார்ச் 16, திங்கள்

இரவெல்லாம் யோசித்தேன். தொடரில் குறட்டை விட்ட காவலாளியைப் பார்த்து எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம்? மீசைக்காரரை ஊர் அப்படித்தான் பேசியது. தூங்கிவிட்டான், தாழ்ப்பாள் போட மறந்துவிட்டான் என்று. அந்தக் காவலாளியை எழுதினவள் நான்தான்.

மார்ச் 18, புதன்

மீசைக்காரரைத் தேடிப் போனேன். வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். மீசையை எடுத்துவிட்டார். முதலில் அடையாளம் தெரியவில்லை.

சொன்னேன். நடுவில் இரண்டு வண்டிக்குச் சீட்டுக் கொடுத்தார். நிறுத்தி நிறுத்தித்தான் சொல்ல முடிந்தது.

“முடிஞ்சுதா?” என்றார்.

“மன்னிச்சிடுங்கண்ணே.”

“அண்ணன் கிண்ணன்னு சொல்லாத. எம்பொண்ணுக்குப் பேசி வச்ச கல்யாணம் நின்னுபோச்சு, தெரியுமா உனக்கு? எங்கிட்ட வந்து அழுதா ஆச்சா? போலீஸ்ல எழுதிக் கொடுத்தியே, அங்க போய்ச் சொல்லு.”

அடித்திருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 20, வெள்ளி

சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன், நாளைக்கு ஸ்டேஷன் போகிறேன் என்று. “பொய் சொன்னதுக்கு உள்ள வச்சா?” என்றார். “வச்சா வைக்கட்டும்.” எழுந்து கை கழுவினார். பிறகு போனை எடுத்து, பணிமனைக்கு லீவு சொன்னார்.

மார்ச் 21, சனி

ஏட்டுக்கு இஷ்டமே இல்லை. “பழைய கேஸும்மா. எதுக்கு வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கற?”

“எழுதுங்க சார்.”

எழுதினார். கதவைத் திறந்தது நான், தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது, மீசைக்காரர் மேல் தப்பில்லை. மூன்று பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். மேலதிகாரி படித்துவிட்டுக் கூப்பிடுவாராம். என்ன ஆகும் என்று ஏட்டுக்கும் தெரியவில்லை.

பெஞ்சின் ஒரு கோடியில் இவர். மறுகோடியில் மீசைக்காரர். நேற்று ராத்திரி இவர்தான் அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாராம். எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஏட்டிடம் போய், “ஒரு நகல் கிடைக்குமா சார்? பொண்ணுகிட்டக் காட்டணும்” என்றார். வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்று, வெயிலில், முதல் வரியிலிருந்து மெதுவாகப் படிக்க ஆரம்பித்தார். படித்து முடிக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.