பாய்க்கு அடியில் ஒரு மதியம்

குற்றாலம்,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி மணிமுத்துவுக்கு,

அண்ணன் எழுதுவது. நீ நலமாக இருப்பாய். இல்லையென்றாலும் எனக்குத் தெரிவிக்க மாட்டாய். என் அழைப்பு வராதபடி போனில் தடுத்து வைத்திருக்கிறாய். அதனால் என் மகள் வேல்விழி கையில் இதைக் கொடுத்து இன்றைய பொதிகை ரயிலில் அனுப்புகிறேன். அவளைப் பார்த்தாவது கதவைத் திறப்பாய். அவளுக்குச் சித்தப்பா மேல் கோபம் எதுவும் இல்லை. என் கோபத்தை நானே வைத்துக்கொள்கிறேன்.

சீசன் நன்றாக இருக்கிறது. ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது, நம் விடுதியில் அறைகள் நிரம்பிவிட்டன. ஆனால் வரவேற்பு மேசையில் மாடன் இல்லை. தினமும் காலையில் அவனைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போய்ப் பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். திங்கட்கிழமை திருட்டு வழக்குப் போட்டு உள்ளே அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டார்கள்.

போன ஞாயிறு மதியம் கீழ்த்தளத்தில் தங்கியிருந்த குடும்பம் அருவிக்குப் போயிற்று. திரும்பி வந்ததும், அறையில் கழற்றி வைத்த சங்கிலியைக் காணோம் என்று அந்த அம்மாள் சத்தம் போட்டார். சாவி மாடனிடம் இருந்தது, அவ்வளவுதான் சாட்சி. கேமரா இருக்கிறதே என்று நான் நிமிர்ந்து சொன்னேன். கணினியைத் திறந்தால் காலைப் பதிவு இருக்கிறது, இரவுப் பதிவு இருக்கிறது, அந்த மதியம் மட்டும் இல்லை.

இன்ஸ்பெக்டர் உனக்குப் போன் செய்தார். அவர் அழைத்தால் எடுக்கிறாய். மதியப் பதிவு எதுவும் சென்னைக்கு வரவில்லை, அங்கே யாராவது அணைத்திருந்தால் அண்ணனைக் கேளுங்கள் என்றாயாம். நீ பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு பேச்சில் மாடன் திருடனாகிவிட்டான். நான் அவனுக்குத் துணைபோனவனாகிவிட்டேன். அவன் மனைவி குருவம்மாள் என் முன்னால் வந்து நின்று, "கேமராவுக்குத் தெரியாம ஈ பறக்காதுன்னு பெருமையடிச்சிய அண்ணாச்சி. எம் புருசன் மட்டும் அது கண்ணுக்குத் தட்டுப்படலியாக்கும்?" என்று கேட்டாள். 

நீதான் அழித்திருப்பாய் என்று முதலில் நினைத்தேன். அப்படி நினைக்க எனக்குக் காரணம் உண்டு. அம்மாவின் பதினாறாம் நாள் விசேஷத்தில், சொந்தக்காரர்கள் எல்லாரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது, அம்மா விழுந்த அன்றைய காலைப் பதிவு எங்கே, யார் அழித்தது என்று என்னைக் கேட்டாய். சர்வர் உன்னிடம், கடவுச்சொல் உன்னிடம், அழித்தவன் நீ என்று நானும் சொன்னேன். நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்தாய். நான் மறக்கவில்லை.

நேற்று வேறொரு வேலையாகப் பார்த்தபோது, கணினியின் ஹார்ட் டிஸ்க் வட்டு நிறைந்துவிட்டதாகக் காட்டியது. கண்ணில் படும் கோப்புகளைக் கூட்டினால் கால்பங்குகூட வரவில்லை. இயற்பியல் படித்தவன் நான். இல்லாத பொருள் இடத்தை அடைக்காது என்பதாவது தெரியும்.

வீட்டிலும் விடுதியிலும் கேமரா வைத்து, அம்மாவைச் சென்னையிலிருந்தே பார்க்க வேண்டும் என்று நீ செய்த ஏற்பாடு இது. 'பதிவுகள்' என்ற ஃபோல்டர் நம் கணினியில் இருப்பதுபோலத் தோன்றும்; திறந்தால் தெரிவதெல்லாம் சென்னையில் உன் சர்வரில் இருப்பவை. மவுண்ட் செய்வது என்று அதற்குப் பெயர் சொன்னாய். தொடர்பு அறுந்தாலும் அதே பெயரில் ஒரு வெறும் ஃபோல்டர் இங்கே இருக்கும் என்பதை மட்டும் நீ சொல்லவில்லை. ஞாயிறு மதியம் காற்றில் கிளை ஒடிந்து வயர்கள்மேல் விழுந்தது; கரண்டும் இன்டர்நெட்டும் போயின. ஜெனரேட்டர் போட்டதும் கணினி எழுந்துகொண்டது, இன்டர்நெட் எழவில்லை. கேமரா பாட்டுக்கு 'பதிவுகள்' உள்ளே போட்டுக்கொண்டே இருந்தது. எல்லாம் இந்த வட்டிலேயே விழுந்தன. சாயங்காலம் தொடர்பு வந்ததும் உன் சர்வர் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது, தரையில் சாமான் கிடக்க மேலே பாயை விரித்ததுபோல. யாரும் எதையும் அழிக்கவில்லை.

இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டுக் கணினியை அணைத்து மறுபடி போட்டேன். அந்த மதியம் முழுதாகக் கிடந்தது. அந்த அம்மாள் தோளெல்லாம் எண்ணெய் வழிய வாசற்படி இறங்குகிறார். கழுத்தில் சங்கிலி மின்னுகிறது. அருவிதான் அதை வாங்கிக்கொண்டிருக்கிறது. அவர்கள் திரும்பும்வரை அந்தக் கதவை ஒருவரும் தொடவில்லை. மாடன் மேசையில் தலை சாய்த்துத் தூங்குகிறான். அதற்கு அவனை நான் தனியாகத் திட்டிக்கொள்கிறேன்.

பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஓடினேன். இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு, "இத்தன நாள் இல்லாதது இப்ப எங்கன இருந்து மொளச்சுது சார்? தம்பிட்டச் சொல்லிச் செஞ்சு வாங்கிட்டியளோ?" என்றார். நான் விளக்கினேன். "பாயி, தலகாணின்னு கத சொல்லாதிய. ஏற்பாடு பண்ணுனவரு வந்து எம் முன்னாடி தொறந்து காட்டி, கையெழுத்துப் போடட்டும்" என்று முடித்துவிட்டார். கேமரா, சர்வர் எல்லாம் உன் பெயரில். என் கையெழுத்து அங்கே செல்லாது.

வெளியே வரும்போது பெஞ்சில் இருந்த மாடன் எழுந்து நின்று, "சின்ன அண்ணாச்சி வந்தா விட்டிருவாவளாம்லா? வந்திருவாவதான?" என்று கேட்டான். வருவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் உனக்காக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. என்னோடு பேச வேண்டாம். வீட்டில் தங்கப் பிடிக்காவிட்டால் மேல்மாடி அறை ஒன்றைக் காலியாக வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு மாடனை அவன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அன்றைக்கே நீ ரயில் ஏறலாம்.

ஒன்று மட்டும். பாய்க்கு அடியில் கிடப்பது அந்த ஒரு மதியம் மட்டுமல்ல. தொடர்பு அறுந்த நாள் ஒவ்வொன்றும் அங்கே கிடக்கிறது. போன வருடம் ஆனி மாதம் அம்மா விழுந்த அந்தக் காலையும் இருக்கிறது. தேதியைப் பார்த்தேன். திறக்கக் கை வரவில்லை. வயரைத் திரும்பச் செருகி மூடிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் முன்னால் நீ அந்தக் கணினியைத் திறக்கும்போது அந்தத் தேதி உன் கண்ணிலும் படும். அவர் எதிரில் அதைத் திறக்காதே, தம்பி. பென் டிரைவில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து திற. நான் உன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன்.

நீயும் உன் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
கோமதிநாயகம்.