கறைக்குக் கீழே இரண்டு கால்கள்

நவம்பர் 2, 2038. காலை 6.10
கொன்றையூர் ரோடு பழைய ரயில் நிலையம், நினைவுக் கூடம்

எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் தகரப் பெட்டியைத் திறந்து, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். புதிய பூசணம் இல்லை. ஈரப்பதம் சரி. பிறகுதான் காப்பி.

இந்தக் குறிப்பு யார் கையில் கிடைக்குமோ தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். படம் 1984 நவம்பரில் எடுத்தது. நான் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பு. அப்போது இங்கே மீட்டர் கேஜ் பாதை. இரவெல்லாம் பெய்த மழையில் ஓடைப் பாலத்தின் அடிமண் கரைந்து, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. காலை பாசஞ்சர் பாலத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தப்பட்டது. உயிர் தப்பியவர்கள் எஞ்சின் முன்னால் கூடி நின்று எடுத்துக்கொண்ட படம் இது. இடது பக்கம் டிரைவர், கார்டு. நடுவில் பயணிகள். வலது ஓரத்தில் உள்ளங்கை அளவுக்குப் பூசணக் கறை. கறையின் விளிம்பில் ஒரு கொடியின் நுனி. கறைக்குக் கீழே இரண்டு வெறுங்கால்கள். ரயிலை நிறுத்தியவர் அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

கூடத்தின் வேலை எளிது. ஊர்க்காரர்கள் பழைய வெயிட்டிங் ரூமில் நெற்றிப்பட்டை அணிந்து உட்கார்ந்து, படத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். அவர்களுக்குள் எழும் ஞாபகங்களை இயந்திரம் வாங்கிக் கோத்து, அடுத்த அறையான கூடத்தில் அந்தக் காலையை எழுப்பி நிறுத்துகிறது. உள்ளே போனால் நனைந்த கரியின் வாடை அடிக்கும். யாருக்கும் ஞாபகம் இல்லாத இடங்கள் வெறும் வெள்ளையாக நிற்கும். வெள்ளையைப் பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியதால், அவற்றை இயந்திரமே நிரப்பிக்கொள்ளும்படி தலைமையகம் அமைத்திருக்கிறது.

இருபதாம் தேதி திறப்பு விழா. அன்றிலிருந்து மாநிலம் முழுக்கப் பள்ளிகளில் இந்தக் காட்சி ஓடும். நான் இங்கே காப்பாளராகத் தனியாக இருக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது.

நவம்பர் 5. மாலை 4.30

இன்று ஞாபகம் தர வந்தவர் மாடத்தி. வயது எழுபத்தாறு. காலமான கீமேன் பலவேசத்தின் மனைவி. விடியலில் சுத்தியலுடன் தண்டவாளத்தின் மேல் நடந்து பாதையைச் சோதிப்பவர்தான் கீமேன். மாடத்தி இதுவரை கூடத்துக்குள் போனதில்லை. அவர் பேசியதை ஒலிப்பதிவிலிருந்து அப்படியே எழுதுகிறேன்.

"அந்தக் கறை இருக்குல்லா, அதுக்குள்ள நிக்கது நாந்தேன், தாயி. சிரிக்காதிய. அன்னைக்கி அவருக்குக் குளிர்காய்ச்ச. எந்திரிச்சா விழுதாரு. ரயில்பாதை இன்ஸ்பெக்டரு வேற எப்பம்டா சிக்குவாம்னு கறுவிக்கிட்டுக் கெடந்தாரு. லீவுன்னா வீட்டுக்குப் போன்னுருவாரு. நீரு படுத்துக் கெடயும்னு சொல்லிட்டு, அவரு சட்டைய சேலைக்கு மேல மாட்டிக்கிட்டு நான் நடந்தேன். பாலத்துல பாத்தா மண்ணக் காணும்! பைல வெடி இருக்கும்லா, தண்டவாளத்துல கட்டினா சக்கரம் ஏறுனதும் டமார்ங்கும், அதக் கட்டிட்டு, கொடியத் தூக்கிக்கிட்டு ஓடினேன். டிரைவரு எறங்கி வந்து, 'ஏ, சட்டையப் பாத்தா பலவேசம், மூஞ்சியப் பாத்தா வேற ஆளுல்லா'ங்காரு. வெளிய தெரிஞ்சா இவரு வேலை போயிரும்னு கார்டு செவஸ்தியான் அண்ணாச்சிதான் பலவேசம் நிறுத்துனான்னு சொல்லி முடிச்சுட்டாவ. படம் எடுக்கச்சில, ஓரமா நில்லு, மூஞ்சியக் காட்டாதங்காவ. நான் நல்லாக் காட்டினேன். பூசணம் வந்து மறைச்சிட்டு பாருங்க."

அவர் போன பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தேன். வெறுங்கால். இரண்டாம் விரலில் ஒரு வளையம். மெட்டி.

நவம்பர் 7. காலை 9.00

சரிபார்க்கக் கூடத்துக்குள் போனேன். வலது ஓரத்தில் கறை இல்லை. அங்கே ஒரு மனிதர் நிற்கிறார். காக்கிச் சட்டை, தொப்பி, பூட்ஸ், கையில் சிவப்புக் கொடி. முப்பது வயதிருக்கும். லட்சணமான முகம். ஊர்க்காரர்கள் அவரைத் 'தொப்பிக்காரப் பலவேசம்' என்கிறார்கள்.

மாடத்திக்குத் தொலைபேசியில் கேட்டேன். "தொப்பியா? அந்தத் தலையில துண்டத் தவிர ஒண்ணும் ஏறுனதில்ல. பூட்ஸ் போட்டா நடக்கவே தெரியாது அவருக்கு. யாரு தாயி அது, சினிமாக்காரனா?" சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

கூடத்துக்குள் வர வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். காரணம் எனக்கே இன்னும் தெளிவாகத் தெரியவில்லை.

நவம்பர் 9. பகல் 1.15

மூன்று நாளாகப் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்கிறேன். கூடத்தில் காட்சி எழும்புவதற்கு முன் வந்த ஒருவரும் தொப்பியைப் பற்றிச் சொல்லவில்லை. கூடத்துக்குள் ஒருமுறை நடந்துவிட்டு மறுபடி ஞாபகம் தர வந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். முதலில் தொப்பி. அடுத்த முறை சிரிப்பு. அதற்கடுத்து அவர் பீடி குடித்தது, பிள்ளைகளுக்குப் பெப்பர்மின்ட் கொடுத்தது. இயந்திரம் ஒரு வெள்ளை இடத்தில் ஒரு பொம்மையை நிறுத்தியது. பார்த்தவர்கள் அதை ஞாபகமாக எடுத்துப் போய், ஞாபகமாகவே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

தலைமையகத்து இயக்குநருக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். அவருடைய குரல் செய்தி:

"அரசி மேடம், ஆபீஸ் ரெக்கார்டுல பலவேசம் டியூட்டினு இருக்கு. ஊரே தொப்பிக்காரரைச் சொல்லுது. ஒரு அம்மா மட்டும் நான்தான்னா எப்படி? மெட்டினு நீங்க அனுப்பினது எனக்குக் கீறல் மாதிரிதான் தெரியுது. விழாவுக்கு மினிஸ்டர் வர்றார். இப்பப் போய்ப் புதுசா ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தாதீங்க."

என் பதில்: "புதுசா வந்தவர் அந்தத் தொப்பிக்காரர்தான், சார்."



நவம்பர் 12. காலை 10.40

நிரப்பியதை நீக்க ஒரு வழி உண்டு. கூடத்துக்குள் போய், வேண்டாத பொருளைச் சுட்டி, நீக்கு என்று சொல்ல வேண்டும். போனேன். அவர் முன் நின்று சுட்டினேன். சுவரில் எழுத்து வந்தது.

'இது நிரப்பல் அன்று. நினைவு. பலர் தந்தது. தனியாக நீக்க இயலாது.'

நான்கு முறை முயன்றேன். நான்கு முறையும் அதே எழுத்து. கடைசி முறை, நான் சுட்டிய விரலைப் பார்த்து அவர் சிரித்தது போல இருந்தது. அந்தச் சிரிப்பும் யாரோ தந்ததுதான்.

நவம்பர் 14. மாலை 6.00

மின்கலம் வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்துத் தலைமையகத்து ஆட்கள் வந்து, வீரனின் மனைவி என்று மாடத்திக்கு மாலை போட்டு, கூடத்துக்குள் அழைத்துப் போயிருக்கிறார்கள். நீண்ட நேரம் உள்ளே இருந்தாராம். வெளியே வந்ததும் நெற்றிப்பட்டை மாட்டி அவர் பேசியதையும் எடுத்திருக்கிறார்கள். அந்த ஒலிப்பதிவு:

"அவருதாம்மா நின்னாரு. நல்லாத்தான் இருந்தாரு அன்னைக்கி. காய்ச்ச கீய்ச்ச ஒண்ணுமில்ல. கொடியப் பிடிச்சிக்கிட்டு ராசா மாதிரில்லா நிக்காரு. நான் பின்னால சோத்துச் சட்டியோட நின்னேன். அரசித் தாயிகிட்ட என்னத்தையோ ஒளறிட்டேன் போல. கோவிச்சுக்க வேண்டாம்னு சொல்லுங்க."

அவர் வீட்டுக்குப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில். இத்தனை வருடமாக அவருக்குள் காய்ச்சலில் படுத்துக் கிடந்த கணவர் எழுந்து நின்றுவிட்டார். நான் எதைச் சொல்லி அவரை மறுபடி படுக்க வைப்பது?

மாடத்தி ஓடிய ஓட்டம் இப்போது மாடத்திக்குள்ளும் இல்லை. ஓர் ஒலிநாடாவிலும் இந்தத் தாளிலும்தான் இருக்கிறது.

நவம்பர் 16. காலை 6.20

எழுந்ததும் படத்தைப் பார்த்தேன். புதிய பூசணம் இல்லை. ஈரப்பதம் சரி. இடது பக்கம் டிரைவர், கார்டு. நடுவில் பயணிகள். வலது ஓரத்தில் கறை. கறைக்குக் கீழே பூட்ஸ்.

கூடம் சீராக ஓடுகிறது. தலைமையகம் சொன்னபடி தினமும் உள்ளே போய்ச் சரிபார்க்கிறேன். விழா வேலைகள் நிறைய. ஏனோ இன்று பலவேசம் அண்ணன் ஞாபகம். ரயில் படி எட்டாமல் நான் அழுதபோது அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஏற்றிவிட்டார். உள்ளங்கையில் ஒரு பெப்பர்மின்ட்டை வைத்து மூடினார். அவர் கையில் கிரீஸ் வாடை.

நவம்பர் 18. காலை 7.45

முன் பக்கங்களைப் புரட்டினேன். 'நான் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பு' என்று என் கையெழுத்தில் இருக்கிறது.

அப்படியானால் என்னைத் தூக்கியது யார்?

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த நிலையத்தில் ரயிலே நின்றதில்லை. ஒருநாள்கூட நான் இங்கே ஏறியதில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் அக்குளில் அந்தக் கைகளின் சூடு இருக்கிறது. என் சொந்த அப்பாவின் கை எனக்கு இவ்வளவு தெளிவாக ஞாபகம் இல்லை.

நவம்பர் 5 பக்கத்தைப் படித்தேன். மாடத்தி சொன்னதை எழுதியது நான்தான். எழுதிய நினைவு இல்லை. ஒலிநாடாவைப் போட்டேன். அவர் குரல்தான். யாரோ சொல்லிக்கொடுத்துப் பேசுகிறார் என்று எனக்குள் ஒன்று அடித்துச் சொல்கிறது. நான்தான் சொல்லிக்கொடுத்தேனோ என்றுகூடத் தோன்றுகிறது.

இனி உள்ளே போக மாட்டேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன், நாளை நம்புவதற்கு.

நவம்பர் 19. மாலை 5.50

தலைமையகத்திலிருந்து செய்தி: "நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குக் காட்சியோட மூலப் பிரதியை இங்கேயிருந்து இழுத்துக்குவோம். அதுக்கப்புறம் உங்களுக்கு அங்க வேலை இருக்காது மேடம். நிம்மதியா ரெஸ்ட் எடுங்க."

அதுவரை ஒரே ஒரு மூலம்தான். பழைய சிக்னல் கேபினில், என் தலைக்கு மேல். அவரைத் தனியாக நீக்க முடியாது. காட்சியை முழுதாக அழிக்கலாம். அவசரத்துக்கென்று கேபினில் ஒரு சிவப்புக் கைப்பிடி உண்டு.

அழித்தால் எல்லாமே போகும். மழையில் நனைந்த டீக்காரரின் கூவல் போகும். குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டும் பெண் போவாள். கார்டு செபஸ்தியான் போன மாதம்தான் இறந்தார். அவர் ஊதிய விசில் உலகத்தில் வேறெங்கும் இல்லை. வாரா வாரம் அதைக் கேட்க அவர் மகள் நாகர்கோவிலிலிருந்து வருகிறாள். கதவருகே நின்று கேட்டுவிட்டுப் போவாள்.

இவற்றைக் காப்பாற்றத்தான் நான் இந்த வேலைக்கு வந்தேன்.

நவம்பர் 20. காலை 5.40

எழுந்ததும் பெட்டியைத் திறந்தேன். படத்தில் பூட்ஸ். பூதக்கண்ணாடி வைத்தேன். ஒரு வளையம் தெரிகிறது. பூட்ஸில் கயிறு கோக்கும் துளை அது என்கிறது மனம். மெட்டி என்கிறது என் பழைய கையெழுத்து. மனத்தை இயந்திரம் தொட்டிருக்கிறது. இந்தத் தாளைத் தொடவில்லை. ஆகவே தாளை நம்புகிறேன்.

முடிவு செய்துவிட்டேன். கைப்பிடியை இழுக்கப் போகிறேன். கறை பிடித்த படமும், மாடத்தியின் முதல் ஒலிநாடாவும், இந்தக் குறிப்பும் மட்டும் தகரப் பெட்டியில் இருக்கும். கறையைப் பார்ப்பவர்கள் அங்கே நின்றது யார் என்று கேட்கட்டும். நாடா பதில் சொல்லும்.

யாரிடமும் சொல்லவில்லை. இயக்குநரிடம் இல்லை. செபஸ்தியானின் மகளிடம் இல்லை. மாடத்தியிடம் கண்டிப்பாக இல்லை. ராசா மாதிரி நின்ற புருஷனை நான் அழித்தேன் என்று அவர் என்னைச் சபிக்கலாம். சபிக்கட்டும்.

அரசி, கேபின் படி ஏறுவதற்குள் உனக்கு மறந்துபோனால் இந்தப் பக்கத்தைப் பார். மாடத்தி யார் என்று கேட்காதே. எதற்கு என்று கேட்காதே. சிவப்புக் கைப்பிடி.

காலை 5.56

படியில் நின்று எழுதுகிறேன். கூடத்துக்கு இன்னும் மின்சாரம் கொடுக்கவில்லை. நானே பார்த்தேன், எல்லா விளக்கும் அணைந்திருக்கிறது.

கீழே பிளாட்பாரத்தின் வலது ஓரத்தில் தொப்பி வைத்த ஒருவர் நிற்கிறார். என்னைப் பார்த்து உள்ளங்கையைத் திறந்து காட்டுகிறார். ஒரு பெப்பர்மின்ட்.

எவ்வளவு நல்ல மனிதர். இவரை எதற்கு

பக்கத்தைப் பார்க்கிறேன்.

சிவப்புக் கைப்பிடி.