எலுமிச்சையில் வேகாத லாப்

பான் தோன்மூன்,
ஏப்ரல் 17

அன்பு மகள் புவாலாவுக்கு,

இது இப்படித்தான் முடியும் என்று புத்தாண்டுக்கு மூன்று நாள் முன்பே விருந்தில் நாற்பது பேர் நடுவில் சொன்னேன். கசாப்புக்கடை இன்தாவின் பன்றி ஆகாது என்றேன். உன் அப்பா கேட்டானா? "அண்ணே, எலுமிச்சை பிழிஞ்சு ரெண்டு மொடக்கு சாராயமும் விட்டா எந்தக் கிருமி பொழைக்கும்?" என்று சிரித்துக்கொண்டே, கொத்திய பச்சைக் கறியில் பச்சை ரத்தம் பிசைந்த லாப் ஒரு தட்டு தின்றான். மறுநாள் காய்ச்சல், உளறல். ஒற்றை ஆளாய்ச் சுமந்து பதினெட்டு கிலோமீட்டர் நடந்து (பாதி வழி வண்டி கிடைத்தது) உன் ஆஸ்பத்திரிக்கே அனுப்பினேன்.

ரத்தம் சோதிக்கிறவள் நீ. சுகாதாரத் துறைக்கு இன்தா பேரை எழுதிக் கொடு. பதினோரு ஓட்டில் என்னைத் தோற்கடித்து ஊர்த் தலைவரானவன், இனிக் கத்தியே பிடிக்கக் கூடாது.

உன் பெரியப்பா,
கேவ்மா


சியாங் மாய்,
ஏப்ரல் 21

பெரியப்பாவுக்கு வணக்கம்.

அப்பாவின் ரத்தத்தில் பன்றிக் கிருமி வளர்ந்ததை நானே பார்த்தேன். எலுமிச்சைக்கெல்லாம் அது சாகாது. அது கக்கும் நஞ்சு குடல் சுவரில் பொத்தல் போடும். அதன் வழியே கூட்டமாக ரத்தத்தில் இறங்கும். பிடிக்க வரும் வெள்ளை அணுக்களையும் துளைத்துவிடும். பிறகு உடம்பே வெறிபிடித்துத் தன்னைத் தாக்கிக்கொள்ளும். அப்பாவுக்குச் சிறுநீரகம் நின்றேபோனது.

பிழைத்துவிட்டார். ஆனால் இரண்டு காதும் போய்விட்டன. "ஏம்மா எல்லாரும் வாய மட்டும் அசைக்கிறீங்க?" என்று கேட்டார்.

சுகாதாரத் துறைக்குப் போகும் படிவத்தில் இறைச்சி வாங்கிய இடம் இன்தா கடை என்று எழுதி, பெயரை இரண்டு முறை அடிக்கோடிட்டேன். அவன் வீட்டில் உலை ஏறாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை.

உங்கள்
புவாலா


பான் தோன்மூன்,
மே 9

மகளே,

ஜெயித்துவிட்டோம்! கடைக்குப் பூட்டு. அவனுடைய முப்பது பன்றிகளையும் அதிகாரிகள் கொன்று குழியில் தள்ளினார்கள். முன்வரிசையில் நின்று பார்த்தேன். ஊர் என்னைத் தோளில் தூக்காத குறை.

இன்தா என் பக்கத்தில் வந்து, "கேவ்மா, இதுல ஒண்ணுகூடச் சீக்குப் பன்னி இல்லைன்னு உனக்குத் தெரியும்ல?" என்றான்.

தெரியும். உன் அப்பன் தின்றது என் பன்றி. இரண்டு நாளாய்த் தீனி எடுக்காமல் நடுங்கிக்கொண்டு கிடந்தது. சாகுமுன் அறுத்தால் வீணாகாதே என்று நானே அறுத்தேன். விருந்தில் இன்தா கடைக் கறி என்று சொல்லிவிட்டேன்.

நேற்று, வீடு வந்துசேர்ந்துவிட்ட உன் அப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னேன். உதட்டைப் பார்த்துப் பார்த்து என்ன புரிந்துகொண்டானோ, "அந்த இன்தாவ விடாதண்ணே" என்று என் தோளைத் தட்டினான். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

மற்றதெல்லாம் நடந்ததுதான். இன்தா கடைப் பன்றி என்பது மட்டும் நான் கட்டிவிட்டது.

கேவ்மா