மார்சிலிங் வீட்டுக் குடில்

2 டிசம்பர் 1984, ஞாயிறு

திருவருகைக் கால முதல் ஞாயிறு. பூசை முடிந்து, தேக்கா மார்க்கெட்டில் அரிசி மாவும் ஏலக்காயும் வாங்கி, பஸ் பிடித்து மார்சிலிங் வந்து சேர்வதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. இவர் புதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளை வளர்ப்பு பற்றி, இங்கிலீஷில், தலையணை கனம். தாத்தா பாட்டிக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறதாம். நல்லவேளை, அதைப் படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டவில்லை.

இரண்டு பாஷை கேட்டால் பிள்ளை குழம்பிவிடுமாம். ஜனவரியில் மகள் பிரிஜட் கிண்டர்கார்டன் போகிறாள். ஆகவே இனி வீட்டில் இங்கிலீஷ் மட்டும். மாமாவிடமும் சொல்லிவிட்டார். "நீங்களும் இங்கிலீஷ்லயே பேசுங்க லா, அப்பா. அவ நல்லதுக்குத்தான்."

மாமா "சரிப்பா" என்றார்.

6 டிசம்பர்

அத்தை இறந்தபிறகு, ஜூலையில்தான் மாமா எங்களோடு வந்தார். அதுவரை பகலெல்லாம் பிரிஜட்டைக் கீழ்வீட்டுச் சீனம்மா பார்த்துக்கொண்டார். மாமா வந்துதான் பிள்ளை வாயில் நாலு தமிழ் வார்த்தை ஏறியது.

அவருக்குத் தெரிந்தது துறைமுக வேலையில் பழகிய இங்கிலீஷ். லிஃப்ட், ஸ்டாப், கேர்ஃபுல். நேற்று சோறு ஊட்டும்போது "ஸ்லோ, ஸ்லோ, ஸ்டாப்" என்றார். பிரிஜட் சிரித்தாள். அவரும் சிரித்தார். இன்று ஊட்டவில்லை.

11 டிசம்பர்

வீடு அமைதியாக இருக்கிறதென்று இவருக்குச் சந்தோஷம்.

15 டிசம்பர்

நைட் ஷிப்ட் முடிந்து வந்து, தூங்காமல் அச்சுமுறுக்கு சுட்டேன். மாமா பக்கத்தில் நின்று மாவு கரைத்துக் கொடுத்தார். மெதுவாகச் சொன்னார். "புது வருசம் முடிஞ்சதும் ஈப்போவுல மக வீட்டுக்குப் போயிடறேம்மா. அங்க பேசவாச்சும் செய்யலாம்."

அடுப்பை அணைத்துவிட்டுப் போய் இவரிடம் கத்தினேன். பெத்த அப்பாவ ஊமையாக்கிட்டு என்ன பெரிய புத்தகம்? பதிலுக்குப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுகிறார்! அந்தப் பக்கத்தில் மாமா இருக்கிறாரா? — போதும். சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

23 டிசம்பர்

குடில் கட்டினோம். வைக்கோல், மாடு, மாதா, சூசையப்பர். பாலன் இயேசு சொரூபம் மட்டும் மாமாவின் கைக்குட்டைக்குள். கிறிஸ்மஸ் காலையில் வீட்டின் கடைக்குட்டிதான் அதைக் குடிலில் கிடத்த வேண்டும். சின்ன வயதில் இவர் கிடத்தியதும் இதே சொரூபம்தான்.

இவர் வெளியே போனதும் மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பிரிஜட்டின் காதில் தமிழில் சொன்னார். "நாளன்னிக்குக் காலையில பாலனை நீதான் இங்க வைக்கணும்."

"ஓகே, தாத்தா!"

25 டிசம்பர்

பூசைக்குப் போய் வந்ததும் மாமா கைக்குட்டையைப் பிரிக்க ஆரம்பித்தார். அதற்குள் பிரிஜட் அறைக்குள் ஓடினாள். பக்கத்து வீட்டு பரீதாவின் பிறந்தநாளில் கிடைத்த சிவப்புப் பலூனைக் கொண்டுவந்து வைக்கோலில் வைத்தாள். சூசையப்பர் சாய்ந்துவிட்டார். கைகூப்பி நின்று, "தாத்தா, பலூன் வெச்சிட்டேன்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். இவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை.

"அவளுக்குத் தெரிஞ்சது அதுதானப்பா" என்றார். கோபமே இல்லை. கையில் பாலன்.

இவர் சிரிப்பு நின்றது. சூசையப்பரை நிமிர்த்தி வைத்தார். அப்புறம் பிரிஜட் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "பலூன் இல்லம்மா, பாலன். தாத்தாவக் கேளு, சொல்வாரு" என்றார். தமிழில்!

மாமா சொல்ல ஆரம்பித்தார். பிரியாணி ஆறிப்போயிற்று.

29 டிசம்பர்

வீட்டில் மறுபடி தாத்தா, பேத்தி பேச்சுச் சத்தம். ஷிப்ட் முடிந்து வந்து பகலில் கண்ணை மூட முடியவில்லை. ஆனால் மாமாவின் பெட்டி கட்டியபடியே கட்டிலுக்கடியில் இருக்கிறது. கேட்கப் பயமாயிருக்கிறது.

6 ஜனவரி 1985

மூன்று ராசாக்கள் திருநாள். குடிலைக் கலைத்தோம். பாலன் கைக்குட்டைக்குள் போனார்.

மத்தியானம் மாமா தானே பெட்டியை இழுத்துத் திறந்து, துணிகளை அலமாரியில் அடுக்கத் தொடங்கினார். பிரிஜட் ஒவ்வொன்றாக எடுத்து, பேர் சொல்லிக் கொடுத்தாள். சட்டை. வேட்டி. பனியன். கைலியை எடுத்து "டவல்" என்றாள்.

"கைலி" என்று ஹாலிலிருந்து திருத்தியது இவர்தான்.