அந்தூரியமும் மூடிய யன்னலும்

ஆனி 18, புதன் இரவு

எழுத வேண்டியவை:
1. அந்தூரியத்தின் நிலை.
2. தருமலிங்கம் சொன்னது.
3. யன்னலை மூடி வைத்ததற்குக் காரணம் கச்சான் காற்றின் சூடு.

அந்தூரியம் பிழைக்காது போலிருக்கிறது. எங்கள் கலியாண நாளுக்குப் பாக்கியத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த செடி. இலைகள் மஞ்சளாகி, தண்டின் அடி அழுகிவிட்டது. வெயிலுக்கு வாடுகிறது என்று நினைத்து நேரம் தவறாமல் தண்ணீர் விட்டேன். பக்கத்து வீட்டுத் தருமலிங்கத்தின் விறாந்தையில் அதே அந்தூரியம் சிவப்பாகப் பூத்து நிற்கிறது.

இன்று பின்னேரம் பாக்கியமே அவரைக் கூட்டி வந்து காட்டினாள். செடி இருக்கும் அறைக்குள் வந்ததும் புழுக்கம் தாங்காமல் அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"என்ன சேர், செடியப் புட்டு மாதிரி அவிக்கிறீங்க? வாவிக் கரையில இந்த ஈரம் வெளிய போக வழி வேணாமா? தண்ணியக் குறைச்சு, அந்த யன்னலத் திறந்து விடுங்க."

பாக்கியம் வாய்விட்டுச் சிரித்தாள். என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம்.

"கச்சான் செடியக் கருக்கிப்போடும் எண்டு இவர்தான் பூட்டி வச்சிரிக்கார்," என்றாள். நானும் தலையாட்டினேன்.

அவர் போன பிறகு திறக்கத்தான் போனேன். கொக்கியில் கையும் வைத்தேன். யன்னலுக்கு நேரே அவருடைய விறாந்தை. முன்பெல்லாம் காலையில் பாக்கியம் தேத்தண்ணியோடு இங்கேதான் நின்று அந்தப் பூக்களைப் பார்ப்பாள். கையை எடுத்துவிட்டேன். செடி இப்போதும் அந்தப் புழுக்கத்துக்குள்தான் இருக்கிறது.

மூன்றாவதாக எழுதியது பிழை. இந்த யன்னல் பக்கம் கச்சான் வீசுவதேயில்லை.