கிராம்பு வாசனை

ராயபுரம், 9-12-1971

ஐரீன்,

சளி பிடித்தவர்கள் குழந்தையைத் தூக்கக்கூடாது என்று நான் சொல்லியிருந்தும் நீ ஏன் மறைத்தாய்?

ஞானஸ்நானத்தன்று உன் வாயில் கிராம்பு மணத்தது. கேட்டேன். "பல்லு நோவுதுக்கா, வேற இன்னா?" என்று சிரித்தாய். ஞானத்தாயாக என் பேரனை ஏந்தி முத்தமிட்டாய்.

இன்று உன் பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் வந்தாள். "ஐரீனுக்கு இருமல் நின்னுச்சா? கோயில்ல கூட கிராம்ப மென்னுகினே அடக்கிகினு இருந்துச்சே!" என்றாள். அப்போது என் மடியில் பேரன் காய்ச்சலோடு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். டாக்டர் சொன்னபடி அவன் மூக்கில் உப்புநீர் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன்.

10-12-1971. நேற்று கடிதத்தை இத்துடன் நிறுத்தியிருந்தேன். இன்று காய்ச்சல் இறங்கி, பால் குடித்தான். நீ வாசலில் நின்று, "இப்ப சளி இல்லக்கா" என்றாய். உண்மையாகவே இருக்கலாம். நான் கதவைத் திறக்கவில்லை.

உன் அக்கா